எல்லாப்பிரகட சுப்பாராவ்

எல்லாப்பிரகட சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 - ஆகஸ்ட் 1948) இந்திய உயிர்வேதியியலாளர், மருந்தியல் ஆய்வாளர். சிறிதளவு குருதி, சிறுநீர், திசு ஆகியவற்றில் உள்ள பாஸ்பரசை அளவிடும் ஃபிஸ்கி-சுப்பாராவ் முறையை உருவாக்கிய இருவருள் ஒருவர். தசையில் ஆற்றலைச் சேமித்து வைக்கும் பாஸ்போகிரியேட்டின், உயிரணுக்களின் ஆற்றல் நாணயமாகக் கருதப்படும் அடினோசின் டிரைபாஸ்பேட் (ஏ.டி.பி.) ஆகியவற்றைக் கண்டறிந்ததிலும் இவருக்கு முதன்மையான பங்கு உண்டு. பிற்காலத்தில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் இவர் தலைமையில் இயங்கிய குழுக்கள் ஃபோலிக் அமிலத்தைத் தொகுத்தன. குருதிப் புற்றுநோய்க்கான அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட், யானைக்கால் நோய்க்கான டைஎதில்கார்பமசின், நுண்ணுயிர் எதிர்ப்பி ஆரியோமைசின் ஆகியவையும் அங்கேயே உருவாயின.

இவர் பள்ளி இறுதிக் கல்வியும் கல்லூரிக் கல்வியும் பெற்றது சென்னையில். வாழ்வின் கடைசி 26 ஆண்டுகளை அமெரிக்காவில் கழித்த இவர் மீண்டும் தாயகம் திரும்பவில்லை.

பிறப்பும் இளமையும்

அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் சுப்பாராவ் பிறந்தார். இவ்வூர் இன்று ஆந்திரப் பிரதேச மாநிலத்தில் உள்ளது. தந்தை ஜகந்நாதம், தாய் வெங்கம்மா. தந்தை வருவாய்த் துறையில் பணியாற்றி, உடல்நலக் குறைவால் முன்கூட்டியே ஓய்வு பெற்றதால் குடும்பம் வறுமையில் வாடியது.

சிறுவனாக இருந்தபோது இவருக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. காசிக்குச் சென்று யாத்திரிகர்களிடம் வாழைப்பழம் விற்றுப் பொருள் ஈட்டலாம் என்று எண்ணி வீட்டை விட்டு ஓடியபோது, தாயார் வழியிலேயே தடுத்து அழைத்து வந்தார். பள்ளி இறுதித் தேர்வில் இரு முறை தோல்வியுற்று, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேர்ச்சி பெற்றார். பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பில் பயின்றார். கணிதத்தில் சிறந்து விளங்கினார்.

இக்காலத்தில் துறவு வாழ்க்கையில் ஈர்ப்புக் கொண்டு இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயார் அதற்கு இசையவில்லை. மருத்துவம் படித்தால் மக்களுக்குத் தொண்டு செய்யலாம் என்ற எண்ணத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பின்னாளில் இவருடைய மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் படிப்புச் செலவுக்கு உதவினர். 1919-ல் அவருடைய மகள் சேஷகிரியை மணந்தார்.

மருத்துவக் கல்வியும் கதராடையும்

காந்தியடிகள் அந்நியத் துணிகளைப் புறக்கணிக்கும்படி அழைப்பு விடுத்தபோது சுப்பாராவ் கதர்த் துணியால் தைத்த அறுவை மருத்துவ உடையை அணிந்து வகுப்புக்குச் சென்றார். இது அறுவை மருத்துவப் பேராசிரியர் பிராட்ஃபீல்டின் அதிருப்திக்கு உள்ளானது. எழுத்துத் தேர்வுகளில் நன்கு எழுதியிருந்தும் இவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த தகுதியான எல்.எம்.எஸ். சான்றிதழே வழங்கப்பட்டது.

இதனால் சென்னை மருத்துவப் பணியில் சேர இவர் செய்த முயற்சி பலிக்கவில்லை. மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராகச் சேர்ந்தார். அங்கு ஆயுர்வேத மருந்துகளின் பயனை நவீன ஆய்வு முறைகளால் சோதிக்க வேண்டும் என்ற ஆர்வம் கொண்டார்.

இவருடைய சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் வெப்பமண்டல ஸ்புரூ நோயால் இறந்தனர். குடல் உணவுச் சத்தை உறிஞ்ச இயலாமற் போய், வயிற்றுப்போக்கும் குருதிச்சோகையும் ஏற்பட்டு உடல் மெலியும் நோய் இது. சுப்பாராவையும் இந்நோய் தாக்கியது. லட்சுமிபதியின் சிகிச்சையால் அவர் பிழைத்தார். அக்காலத்தில் இந்நோய்க்கு ஆங்கில மருத்துவத்தில் உறுதியான மருந்து இல்லை.

அமெரிக்கப் பயணம்

1922 அக்டோபரில் சுப்பாராவ் பாஸ்டன் நகரை அடைந்தார். பயணச் செலவுக்கு மாமனாரும் அறக்கட்டளைகளும் உதவின. கருவுற்றிருந்த மனைவியை ஊரில் விட்டுச் சென்றார். மூன்று ஆண்டுகளில் திரும்பி வருவதாகத் திட்டம். பிறந்த ஆண் குழந்தை ஓராண்டு நிறைவதற்கு முன்பே இறந்தது. கணவனும் மனைவியும் அதன் பிறகு சந்திக்கவே இல்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இவருக்கு இடம் கிடைத்தது, ஆனால் உதவித்தொகை கிடைக்கவில்லை. இவருடைய தகுதிச் சான்றிதழ் அமெரிக்காவில் மருத்துவராகப் பணியாற்றப் போதுமானதாக இல்லை. எனவே மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியாளராக, நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவும் வேலை உட்படச் செய்து வாழ்க்கை நடத்தினார். பட்டயம் பெற்ற பின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சேர்ந்தார். குருதி, சிறுநீர் ஆகியவற்றிலுள்ள வேதிப்பொருட்களை நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளவிடும் முறைகளுக்குப் பெயர் பெற்ற ஓட்டோ ஃபோலின் அத்துறையின் தலைவராக இருந்தார். அங்கு சைரஸ் ஹார்ட்வெல் ஃபிஸ்கி என்பவருடன் இணைந்து சுப்பாராவ் ஆய்வு செய்தார்.

ஃபிஸ்கி-சுப்பாராவ் முறை

உடலில் பாஸ்பரஸ் பெரும்பாலும் பாஸ்பேட்டாகவே உள்ளது. எலும்பின் உறுதிக்கும், சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்றுவதற்கும், குருதியும் உயிரணுக்களும் தம் அமிலத்தன்மையை நிலையாக வைத்துக்கொள்வதற்கும் இது தேவை. பாஸ்பேட்டை வீழ்படிவாக்கி எடை பார்க்கும் பழைய முறைகளுக்கு மாதிரி அதிகம் வேண்டும், நேரமும் மிகுதி. நோயாளியிடமிருந்து எடுக்கும் சில மில்லிலிட்டர் குருதியில் ஒரு மில்லிகிராமுக்கும் மிகக் குறைந்த பாஸ்பரசே இருக்கும். அதை நம்பகமாக அளக்க வழி தேவைப்பட்டது.

1925-ல் ஃபிஸ்கியும் சுப்பாராவும் வெளியிட்ட முறையின் படிகள் பின்வருமாறு:

1. மாதிரியுடன் டிரைகுளோரோஅசெட்டிக் அமிலம் சேர்த்துப் புரதங்களை வீழ்படிவாக்கி வடிகட்டுதல்.
2. வடிநீருடன் கந்தக அமிலத்தில் கரைத்த அமோனியம் மாலிப்டேட் சேர்த்தல். பாஸ்பேட்டும் மாலிப்டேட்டும் இணைந்து பாஸ்போமாலிப்டிக் அமிலம் உண்டாகும்.
3. அமினோநாப்தால்சல்ஃபோனிக் அமிலத்தைச் சேர்த்து ஒடுக்குதல். கரைசல் நீல நிறம் பெறும்.
4. நீலத்தின் அடர்த்தியை, பாஸ்பேட்டின் அளவு தெரிந்த திட்டக் கரைசலுடன் நிறமானியில் ஒப்பிடுதல்.

அக்கால நிறமானியில் இரு சிறு கண்ணாடிக் கிண்ணங்கள் இருக்கும். ஒன்றில் மாதிரி, மற்றொன்றில் திட்டக் கரைசல். கண்ணாடித் தண்டுகளை ஏற்றி இறக்கி, இரண்டிலும் ஒளி கடக்கும் கரைசலின் ஆழத்தை மாற்றலாம். கண் வைத்துப் பார்க்கும் வட்டத்தின் இரு பாதிகளும் ஒரே நிறமாகத் தெரியும்போது ஆழங்களைக் குறித்துக்கொண்டு பாஸ்பேட்டின் அளவைக் கணக்கிடலாம்.

இம்முறையில் அமிலத்தின் அளவைக் கட்டுப்படுத்துவது மிக இன்றியமையாதது. அமிலம் குறைந்தால் பாஸ்பேட்டே இல்லாதபோதும் மாலிப்டேட் தானாக ஒடுங்கி நீலமாகும். அமிலம் மிகுந்தால் பாஸ்பேட் இருந்தும் நிறம் தோன்றத் தாமதமாகும். இரு எல்லைகளுக்கும் இடையில் கரைசலை நிறுத்தி வைத்து, விரைவாகச் செயற்படும் ஒடுக்கியைச் சேர்த்ததே இம்முறையின் சிறப்பு. முந்தைய முறைகளைவிட இது விரைவானது, நம்பகமானது. இதன் மாற்றுருக்கள் பல ஆய்வகங்களில் இடம்பெற்றன. பாஸ்போலிப்பிடுகளை அளவிட 1959-ல் பார்ட்லெட் வெளியிட்ட முறையும் இதே வினைப்பொருளைப் பயன்படுத்துகிறது.

பாஸ்போகிரியேட்டின்

தசையிலிருந்து எடுத்த வடிநீரைப் புதிய முறையால் சோதித்தபோது எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. சாதாரணப் பாஸ்பேட் கரைசலில் நீல நிறம் சீராக வளர்ந்தது. தசை வடிநீரிலோ நிறம் தாமதமாக, சிறிது சிறிதாகவே தோன்றியது. இது முறையின் குறை என்று ஒதுக்கிவிடாமல் இருவரும் காரணத்தைத் தேடினர். தசையில் கிரியேட்டினுடன் பிணைந்த பாஸ்பேட் ஒன்று உள்ளது, அது அமிலத்தில் எளிதில் சிதையும், சோதனைக் குழாயில் அது மெல்லச் சிதைந்து பாஸ்பேட்டை விடுவிப்பதால்தான் நிறம் மெதுவாக வளர்கிறது என்று கண்டனர். அதுவரை தசையின் கனிமப் பாஸ்பேட் என்று கருதப்பட்டதில் பெரும்பகுதி உண்மையில் இச்சேர்மத்திலிருந்து வந்ததே.

1927-ல் இதனை வெளியிட்டனர். தசை சுருங்கும்போது இச்சேர்மம் குறைவதையும் ஓய்வில் மீண்டும் உண்டாவதையும் காட்டினர். அதே ஆண்டில் இங்கிலாந்தின் பிலிப் எகிள்டன், கிரேஸ் எகிள்டன் இணையரும் தனியாக ஆய்ந்து இத்தகைய பாஸ்பேட் தசையில் இருப்பதைக் கண்டறிந்தனர்.

தசை இயங்குவதற்கு லாக்டிக் அமிலம் உண்டாவதே நேரடிக் காரணம் என்பது அன்றைய கருத்து. இத்துறை ஆய்வுகளுக்காக ஹில், மெயர்ஹோஃப் ஆகியோர் 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றிருந்தனர். 1930-ல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலம் உண்டாகாமல் தடுக்கப்பட்ட தசையும் பாஸ்போகிரியேட்டின் உள்ளவரை சுருங்குவதைக் காட்டியதும் அக்கருத்து கைவிடப்பட்டது. பாஸ்போகிரியேட்டின் தன் பாஸ்பேட்டை அளித்து ஏ.டி.பி.யைப் புதுப்பிக்கும்போது ஐதரசன் அயனி ஒன்றையும் எடுத்துக்கொள்கிறது. இதனால் கடும் உழைப்பின் தொடக்க நொடிகளில் தசை அமிலமாவதும் சற்றுத் தாமதமாகிறது.

ஏ.டி.பி.

1929-ல் ஃபிஸ்கியும் சுப்பாராவும் தசையிலிருந்து அடினோசின் டிரைபாஸ்பேட்டைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியின் கார்ல் லோமானும் இதனைத் தனியாகக் கண்டறிந்து வெளியிட்டார். உணவின் ஆற்றலைப் பெற்று, தசைச் சுருக்கம், நரம்புச் செயற்பாடு, புதிய மூலக்கூறுகளைக் கட்டுதல் ஆகியவற்றுக்கு வழங்கும் பொதுப் பொருள் ஏ.டி.பி. என்பது அடுத்த பத்தாண்டுகளில் தெளிவாயிற்று. 1930-ல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார்.

இக்காலத்து ஆய்வுகளில் அனைத்தும் வெளிவரவில்லை. சுப்பாராவ் பிரித்தெடுத்த சில நியூக்ளியோடைடுகள் பற்றிய முடிவுகளை ஃபிஸ்கி வெளியிட விடாததால் பின்னர் பிறர் அவற்றை மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்று, 1988-ல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் கருத்துத் தெரிவித்துள்ளார்.

1930-களில் சுப்பாராவ் ஈரல் சாற்றில் கவனம் செலுத்தினார். கொடிய குருதிச்சோகைக்கு ஈரல் மருந்தாகும் எனக் காட்டியதற்காக விப்பிள், மைனாட், மர்ஃபி மூவரும் 1934-ல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் ஈரலில் உள்ள எப்பொருள் குணப்படுத்துகிறது என்பது தெரியவில்லை. ஹார்வர்டில் இவருக்கு நிலையான பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் உள்ள லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்து, பின்னர் அதன் ஆய்வு இயக்குநரானார். இது அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தின் ஒரு பிரிவாகும்.

லெடர்லி ஆய்வகத்தில்

ஃபோலிக் அமிலம்

1930-களின் தொடக்கத்தில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பம்பாயில் கருவுற்ற பெண்களுக்கு ஏற்பட்ட ஒருவகைக் குருதிச்சோகை ஈஸ்ட் சாற்றால் குணமாவதைக் கண்டிருந்தார். கீரையிலிருந்து பெறப்பட்ட இத்தகைய பொருளுக்கு 1941-ல் ஃபோலிக் அமிலம் எனப் பெயரிடப்பட்டது. லெடர்லியில் ஸ்டோக்ஸ்டாட் 1943-ல் இதனை ஈரலிலிருந்து தூய நிலையில் பிரித்தார். இதன் தொகுப்பு 1945-லும், அமைப்பு பற்றிய விளக்கம் 1946-லும் வெளியாயின. ஆய்வை வழிநடத்திய சுப்பாராவின் பெயர், 1945-ஆம் ஆண்டுக் கட்டுரையின் நீண்ட ஆசிரியர் வரிசையில் நடுவே ஒன்றாக இடம்பெற்றது.

ஃபோலிக் அமிலம் வெப்பமண்டல ஸ்புரூ நோயாளிகளுக்கும் பயன் தருவது விரைவில் உறுதியாயிற்று. தம் சகோதரர்களைக் கொன்ற நோய்க்கான மருந்து, ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்குப் பின் சுப்பாராவின் ஆய்வகத்திலிருந்தே வந்தது. இன்று கருவுற்ற பெண்களுக்கு வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரைகளில் ஃபோலிக் அமிலமும் சேர்க்கப்படுகிறது. கொடிய குருதிச்சோகைக்கு உரிய பொருளோ வேறொன்று. அது வைட்டமின் பி12 என 1948-ல் பிற நிறுவனங்களால் பிரித்தெடுக்கப்பட்டது.

குருதிப் புற்றுநோய் மருந்துகள்

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலச் சேர்மங்கள் குருதிப் புற்றுநோயை மேலும் விரைவுபடுத்துவதாகக் கருதினார். எனில் அதன் செயலைத் தடுக்கும் பொருள் நோயை அடக்கக்கூடும். லெடர்லி வேதியியலாளர்கள் ஃபோலிக் அமிலத்தின் அமைப்பில் சிறு மாற்றங்கள் செய்து எதிர்ப்பொருட்களைத் தொகுத்தனர். சுப்பாராவ் அவற்றை ஃபார்பருக்கு அனுப்பினார். அவற்றுள் அமினோப்டெரின் 1947 இறுதியில் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. 1948 ஜூனில் வெளியான அறிக்கையின்படி 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. அது தற்காலிகத் தணிவே. எனினும் சில வாரங்களில் இறப்பு உறுதி என்றிருந்த நோய் மருந்துக்கு இணங்கும் என்பது அப்போதுதான் தெரியவந்தது.

இதன் உறவுப் பொருளான மெத்தோட்ரெக்சேட் பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது. புற்றுநோய்கள் பலவற்றுக்கும், முடக்குவாதம், சொரியாசிஸ் ஆகியவற்றுக்கும் இம்மருந்து இன்றும் பயன்படுகிறது.

யானைக்கால் நோய் மருந்து

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் இருந்த அமெரிக்கப் படையினர் பலருக்கு ஃபைலேரியாத் தொற்று ஏற்பட்டது. லெடர்லியில் பல சேர்மங்களைச் சோதித்து, பைப்பரசினிலிருந்து பெறப்பட்ட டைஎதில்கார்பமசின் இப்புழுக்களுக்கு எதிராகச் செயற்படுவதைக் கண்டனர். இது ஹெட்ரசான் என்ற வணிகப் பெயரைப் பெற்றது. மனிதர்களில் இதன் பயன் 1947-ல் வெளியிடப்பட்டது.

இம்மருந்தின் பயனை மிகுதியாகப் பெற்ற நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. காஞ்சிபுரம் உள்ளிட்ட தமிழக ஊர்களில் யானைக்கால் நோய் நெடுங்காலம் பரவியிருந்தது. தேங்கிய கழிவுநீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுக்கள் இதன் புழுக்களைப் பரப்புகின்றன. நோய் முற்றி வீங்கிய காலுடன் குழித்தறியில் அமர்ந்து மிதிகட்டையை மிதிப்பது பட்டு நெசவாளிக்கு எளிதன்று. எனவே இந்நோய் உடலை மட்டுமன்றிப் பிழைப்பையும் பாதித்தது. நுண்புழுக்கள் இரவில்தான் புறக்குருதியில் மிகுதியாகத் தோன்றும். ஆகவே நலப்பணியாளர்கள் இரவில் வீடு வீடாகச் சென்று விரல் நுனியில் ஒரு துளிக் குருதி எடுத்து நுண்ணோக்கியில் சோதிப்பது வழக்கமாயிற்று.

1955-ல் தொடங்கிய தேசிய ஃபைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டத்தில் டைஎதில்கார்பமசினே முதன்மை மருந்தாக அமைந்தது. 2004 முதல் நோய் பரவிய மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை அனைவருக்கும் இம்மருந்து கொடுக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. குருதியிலுள்ள நுண்புழுக்களை அழித்துத் தொற்று பரவுவதை இது குறைக்கிறது. ஏற்கெனவே பெரிதாக வீங்கிவிட்ட காலை இயல்பு நிலைக்குக் கொண்டுவர இதனால் இயலாது.

ஆரியோமைசின்

பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற தாவரவியலாளர் பெஞ்சமின் டகர் லெடர்லியில் மண் மாதிரிகளை ஆராய்ந்தார். மிசௌரியிலிருந்து வந்த மண்ணில் கிடைத்த பொன்னிற நுண்ணுயிரி ஒன்றிலிருந்து ஆரியோமைசின் பெறப்பட்டது. 1948-ல் அறிவிக்கப்பட்ட இதுவே டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து. பெனிசிலினுக்குக் கட்டுப்படாத பல கிருமிகளையும் இது கட்டுப்படுத்தியது.

மறைவு

1948 ஆகஸ்டில் உறக்கத்தில் மாரடைப்பு ஏற்பட்டு சுப்பாராவ் காலமானார். அப்போது இவருக்கு வயது 53. அமினோப்டெரின் அறிக்கை வெளியாகி இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. ஆரியோமைசின் இன்னும் விற்பனைக்கு வரவில்லை. அமெரிக்கச் சட்டம் 1946-ல் இந்தியர்களுக்குக் குடியுரிமை பெற வழிசெய்த பின்னரும் இவர் குடியுரிமை பெறவில்லை.

அறியப்படாமை பற்றி

சுப்பாராவின் பணிகளுக்கு ஏற்ற புகழ் வாழ்நாளில் கிடைக்கவில்லை என்ற கருத்து பரவலாக உள்ளது. இதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. ஹார்வர்டு ஆய்வுகளில் மூத்தவரான ஃபிஸ்கியின் பெயரே முன்னின்றது. பாஸ்போகிரியேட்டினும் ஏ.டி.பி.யும் வேறு நாடுகளிலும் அதே ஆண்டுகளில் கண்டறியப்பட்டன. லெடர்லியில் கண்டுபிடிப்புகள் குழுவினருக்கும் நிறுவனத்துக்கும் உரியனவாயின. மருந்துகளைப் பற்றிய அறிவிப்புகளில் சுப்பாராவ் தம்மை முன்னிறுத்திக்கொள்ளாமல் சக ஆய்வாளர்களுக்கே இடம் அளித்தார். அம்மருந்துகள் உலகெங்கும் பயன்பாட்டுக்கு வருவதற்குள் அவர் மறைந்துவிட்டார்.

சிறப்புகள்

- ஒரு பூஞ்சைப் பேரினத்துக்கு 1953-ல் இவர் நினைவாக சுப்பாரோமைசெஸ் எனப் பெயரிடப்பட்டது.
- இவருடைய நூற்றாண்டையொட்டி 1995-ல் இந்திய அஞ்சல் துறை நினைவு அஞ்சல்தலை வெளியிட்டது.

காலவரிசை

- 1895 - பீமவரத்தில் பிறப்பு
- 1919 - திருமணம்
- 1922 - பாஸ்டன் வருகை
- 1925 - பாஸ்பரஸ் அளவிடும் முறை
- 1927 - பாஸ்போகிரியேட்டின்
- 1929 - ஏ.டி.பி.
- 1930 - முனைவர் பட்டம்
- 1940 - லெடர்லி ஆய்வகத்தில் சேர்தல்
- 1945 - ஃபோலிக் அமிலத் தொகுப்பு
- 1947 - டைஎதில்கார்பமசின்
- 1948 - அமினோப்டெரின் சிகிச்சை அறிக்கை, ஆரியோமைசின் அறிவிப்பு, மறைவு